அந்தப் படத்துப் பனி

ஞாயிற்றுக்கிழமை தோறும் மலைக்கு வந்து ஏரிக்கரையிலும் பழைய சர்ச் வாசலிலும் உட்கார்ந்து படம் போடுகிற பிள்ளைகளுக்கு,

என்னை ஒருநாள் வந்து பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் உங்களில் ஒரு பெண், மஞ்சக்குட்டை தாண்டி இருக்கிற ஒரு ரிசார்ட்டில் தங்கியிருக்கிறாள். அங்கே முன்னறையில் என் படம் ஒன்று மாட்டியிருப்பதைப் பார்த்துப் போட்டோ எடுத்து உங்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். கல் பங்களா, அதன் முன்னால் காப்பிக்கொட்டை காயப்போடும் களம், பின்னால் மலை, இடது பக்கம் கீழே முழுக்கப் பனி. என்னைப் பார்த்தபோது அவள் கேட்டது அந்தப் பனியைப் பற்றித்தான். எப்படிப் போட்டீர்கள், ஒரு கோடுகூடத் தெரியாமல் எப்படிக் கரைய விட்டீர்கள் என்று. நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

தாளை நனைப்பதும், கலரை இழுத்து எடுப்பதும் உங்கள் போனிலேயே வீடியோவாக இருக்கிறது. என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. அந்தப் பனிக்குள்ளே ஆறு வீடுகள் இருந்தன.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் வெள்ளக்கடைப் பக்கம் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலிக்காரர் வீடுகளைத்தான் லைன் என்போம். பிறகு ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. டிராயிங் வகுப்பு முடிந்ததும் கலர் தட்டுகளைக் கழுவி வைக்க வேண்டும். கழுவுவதற்கு முன்னால் தட்டில் மிச்சம் இருக்கும் கலரைத் தொட்டு, பிள்ளைகள் வேண்டாமென்று போட்ட தாளின் பின்பக்கத்தில் எதிரே தெரியும் மணிக்கூண்டைப் போட்டுப் பார்ப்பேன். ஒருநாள் டிராயிங் டீச்சர் பார்த்துவிட்டார். திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து தட்டில் கொஞ்சம் கூடுதலாகக் கலர் மிச்சம் இருந்தது. எனக்குக் கிடைத்த படிப்பு அவ்வளவுதான்.

பிறகு ஏரிக்கரைக் கடை ஒன்றில் என் படங்கள் விற்க ஆரம்பித்தன. பழைய பங்களாக்காரர்கள் கூப்பிட்டு, எங்கள் பங்களாவைப் போட்டுத் தா என்றார்கள். போனேன். எனக்குப் பின்னால் ஆள் வந்து நின்றால் கை ஓடாது. அதனால் எங்கே போனாலும் ஒரு மரத்தையோ சுவரையோ முதுகுக்கு வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். முதுகுக்கு நல்ல மரம் கிடைக்கவில்லை என்பதற்காக நான் போடாமல் விட்ட இடங்கள் இந்த மலையில் நிறைய உண்டு.

அந்தச் சமயத்தில் போட்டோவைப் பார்த்துப் போட்ட படங்கள் கடைகளுக்கு வர ஆரம்பித்தன. மலையே ஏறாதவர்கள் போட்டது. என் படம் அப்படி இல்லை என்று காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு எனக்கு. வாயால் சொல்ல வராதே. அதனால் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எழுதி வைக்க ஆரம்பித்தேன். ‘நேரில் பார்த்து வரைந்தது’ என்று ஒரு வரி. கீழே இடம், தேதி, கையெழுத்து. வாங்குகிறவர்கள் படத்தைத் திருப்பி அந்த வரியைப் படித்து, தலையை ஆட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். முன்பக்கத்தைவிட எனக்குப் பின்பக்கத்தில்தான் பெருமை.

இப்போது ரிசார்ட் இருக்கிற அந்த எஸ்டேட்டுக்கு நான் போனது அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில். அப்போதைய முதலாளியைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பங்களாவை எதிர்ச்சரிவிலிருந்து பார்த்துப் போடச் சொன்னார். ஒரு சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்துகொண்டு நாலு நாள் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் பங்களா நடுவில். வலது பக்கம் களம். இடது பக்கம் கீழே சரிவில் ஆறு வீடுகள். மேலே இன்னொரு லைன் இருந்ததால் இதைக் கீழ் லைன் என்பார்கள். பங்களாவுக்கு ஓடு மாற்றியபோது கழித்த பழைய ஓடுகளை அந்த வீடுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஓட்டின் மேல் நீலத் தார்ப்பாய், அது பறக்காமல் இருக்கக் கற்கள், டயர்கள். வாசலில் தண்ணி டிரம். கயிற்றில் துணி. ஒரு கோழிக்கூண்டு.

அந்தக் கீழ் லைனில் முதல் வீடு மாரக்காவினுடையது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். சின்ன வயதில் எங்கள் எஸ்டேட்டில்தான் இருந்தாள். கல்யாணமாகி இங்கே வந்தாள். நான் உட்கார்ந்திருந்த நாலு நாளும் மதியம் அவள் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிட்டேன். ராகிக் களியும் கீரையும். அந்தப் பெரிய பங்களாவில் எனக்கு நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். அங்கே உட்காரக் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் நாள் இடது மூலைக்கு வந்தேன். நீலத் தார்ப்பாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல் பங்களாவும் பச்சை மலையும் இருக்கிற படத்தில் அந்த நீலம் கண்ணைக் குத்தும் என்று தோன்றியது. இதை யார் ஹாலில் மாட்டுவார்கள் என்றும் தோன்றியது. அன்றைக்குக் காலையில் கொஞ்சம் பனி இருந்தது உண்மை. எட்டு மணிக்கெல்லாம் விலகிவிட்டது. அந்தக் காலைப் பனியை எடுத்து, பன்னிரண்டு மணி வெயிலில் தெரிந்த ஆறு வீடுகள் மேல் போட்டேன்.

யாரும் என்னை மறைக்கச் சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பெரியவர் சொல்லவில்லை, அவரிடம் கணக்கு எழுதிய ரைட்டர் சொல்லவில்லை. லைன் வீட்டில் பிறந்த நான்தான், லைன் வீடு அசிங்கம் என்று நினைத்து மறைத்தேன்.

நாலாம் நாள் மதியம் மாரக்கா படத்தைப் பார்த்தாள். விரலை வைத்துத் தேடினாள்.

“எங்கூடு எங்க சரசு?”

“பனிக்குள்ள இருக்குதுக்கா.”

“பாரு, துணியக்கூடக் காணோம். அத்தன பனியிலயா நான் துணி காயப்போட்டேன், எனக்கென்ன கிறுக்கா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். களி ஆறிப்போகிறது, வா என்று கூப்பிட்டுப் போனாள்.

பெரியவரிடம் கொடுத்தேன். அவரும் இடது மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வீடுகள் எங்கே என்று கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றார். பின்பக்கம் திருப்பிப் படித்தார். அதுவும் நன்றாக இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு பல வருஷம் ஒன்றும் இல்லை. பெரியவர் படுத்த படுக்கையாகி இறந்தார். பிள்ளைகள் வெளியூரில் இருந்தார்கள், விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் பங்களாவை ரிசார்ட் ஆக்கப் போவதாகப் பேச்சு வந்தது. கீழ் லைன் இருந்த சரிவு அவர்களுக்கு வேண்டியிருந்தது. அங்கிருந்துதான் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும்.

கீழ் லைன்காரர்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். இவர்கள் மறுத்தார்கள். அப்போது வாங்கியவர்களின் மேனேஜர் ஒன்று சொன்னார்: இந்த வீடுகள் பழைய லைனே இல்லை, பெரியவர் படுக்கையில் விழுந்த பிறகு, கேட்பாரில்லாமல் கிடந்தபோது இவர்களாகப் போட்டுக்கொண்ட கொட்டாய்கள். பழைய லைன் என்றால் எடுப்பதற்கு முன்னால் வேறு வீடு கட்டித் தர வேண்டும். கொட்டாய் என்றால் ஒன்றும் தர வேண்டாம். இருந்த வழக்கு இவ்வளவுதான், ஆறு வீடுகளும் முதலிலேயே இருந்தனவா இல்லையா என்பது.

நீங்கள் கேட்பீர்கள், ரேஷன் கார்டு இல்லையா என்று. இருந்தது. அதில் எஸ்டேட் பெயர் மட்டும்தான் இருக்கும். மேல் லைனா கீழ் லைனா என்று இருக்காது. கரண்டு எஸ்டேட் பெயரில் வந்தது. ரைட்டர் காலமாகிவிட்டார். கூலிக்காரர் பெயர் எழுதி வைக்கிற பழைய செக்ரோல் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். மேல் லைன்காரர்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவர்களுக்குப் புது முதலாளியிடம் வேலை இருந்தது. வாயைத் திறக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்பதை மேற்கொண்டு படித்தால் தெரிந்துகொள்வீர்கள்.

ஓர் அதிகாரி நேரில் வந்து விசாரிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் மாரக்கா என் வீட்டுக்கு வந்தாள். மூட்டு வலியோடு பஸ் ஏறி வந்திருந்தாள். கீழ் லைன்காரர்கள் சொன்னால் சொந்தக் கதை என்பார்கள், மேல் லைன் பேசாது, வெளியாள் ஒருவர் வேண்டும் என்றாள்.

“உனக்குப் பேச வராதுன்னு எனக்குத் தெரியாதா கண்ணு. நீ ஒண்ணும் கத சொல்ல வேண்டாம். இந்த ஊடுங்க அப்பவே இருந்துச்சுங்க, நான் பாத்திருக்கறனுங்க. அத்தனதான். சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போயிக்க.”

வருகிறேன் என்று சொன்னேன். படத்தை நான் மறந்தே போயிருந்தேன். இல்லை, மறக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் வரும் என்று நினைக்கவில்லை.

அதிகாரி வந்த அன்று நல்ல வெயில். சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். கீழ் லைன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆறு வீட்டு ஆட்களும் நின்றார்கள். மேனேஜர் பக்கம் மூன்று பேர். நான் மாரக்கா வீட்டுச் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அமைதியாக, இதெல்லாம் பின்னால் போட்ட கொட்டாய் என்று சொன்னார். மாரக்கா முன்னால் வந்தாள்.

“கொட்டாயிங்களா? அப்ப எம் மூத்தவள நான் காப்பிச் செடிக்கடியிலயா பெத்தேன்? ஏனுங்க, நீங்க அப்ப எங்கீங்க இருந்தீங்க, பால்வாடியிலயா?”

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மாரக்கா விடவில்லை. தார்ப்பாயைத் தூக்கச் சொல்லி, அடியில் இருந்த ஓட்டைக் காட்டினாள். பங்களா கூரையில் கழித்த ஓடு, பெரியவர் கொடுத்தது. மேனேஜர் அதற்கும் அமைதியாகவே பதில் சொன்னார். பழைய ஓட்டை நேற்றுக்கூட மேலே வைக்கலாம் சார் என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, இந்த எஸ்டேட்டில் வேலை செய்யாத ஆள் யாராவது இந்த வீடுகளைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

நான் ரெண்டு அடி முன்னால் வந்தேன். பெயர் கேட்டார். சொன்னேன். என்ன வேலை என்றார். படம் போடுவேன் என்றேன். மேனேஜர் சட்டென்று என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொன்னார். அவன் ஜீப்புக்குப் போய், ஒரு துண்டில் சுற்றியிருந்த சட்டத்தை எடுத்து வந்தான். பங்களாவோடு சேர்த்து அந்தப் படத்தையும் வாங்கியிருந்தார்கள். அதைக் காட்டுவதற்கென்றே அன்றைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். போட்டவளே அங்கே நிற்பாள் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

அதிகாரி படத்தைப் பார்த்தார். எதிர்ச்சரிவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். மேனேஜர் அதைத் திருப்பிக் காட்டினார். அதிகாரி என் வரியை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். நேரில் பார்த்து வரைந்தது. இடம். தேதி. பெரியவர் படுக்கையில் விழுவதற்கு வெகு காலம் முந்தைய தேதி.

“இது நீங்க போட்டதுங்களாம்மா?”

“ஆமாங்க.”

“நேர்ல உக்காந்துதானே?”

“ஆமாங்க.”

“அப்போ இங்க வீடு இருந்துச்சா?”

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று படிக்க வேண்டும். பதில் எனக்குத் தெரியும். இருந்துச்சுங்க, நான்தான் மறைச்சிட்டேன். மூணே வார்த்தை. வாய்க்குள் வந்துவிட்டது. அதே சமயம் வேறொன்றும் வந்தது. அப்படிச் சொன்னால் பின்னால் எழுதியிருக்கிற வரி பொய் என்று ஆகும். இந்த ஒரு படத்து வரி மட்டும் இல்லை, இந்த மலையில் எத்தனை ஹாலில் என் வரி தொங்குகிறதோ அத்தனையும். ஏரிக்கரைக் கடைக்காரர், பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்கள், பங்களாக்காரர்கள் எல்லோரும் திருப்பிப் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய பயம், மாரக்கா பக்கத்தில் நிற்கிறாள். உன் வீடு அசிங்கமாக இருந்தது, அதனால் அழித்தேன் என்று அவள் முகத்துக்கு முன்னால், அவள் வாசலில் நின்று சொல்ல வேண்டும்.

இவ்வளவும் நினைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் தோன்றியது. பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் ஒரு வழி இருக்கிறது என்று.

“அன்னைக்குப் பனிங்க” என்றேன்.

இப்படிச் சொன்னால் வீடும் காப்பாற்றப்படும், என் வரியும் காப்பாற்றப்படும் என்று நினைத்தேன். பனி என்றால் உள்ளே வீடு இருக்கலாம்தானே. அதிகாரி தலையை ஆட்டினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்து அவர் கேட்டார்.

“சரி. அப்போ பனியில இந்தப் பக்கம் நீங்க பார்க்கல. படம் போட்ட வருஷத்துல, வேற என்னைக்காவது இந்த வீடுங்களுக்கு வந்திருக்கீங்களா?”

நல்ல மனுஷர். அவர் எனக்குக் கதவைத் திறந்துதான் விட்டார். ஆனால் நான் என்ன சொல்வேன்? அதே நாலு நாளும் இந்த வீட்டில்தான் சாப்பிட்டேன் என்று சொன்னால், அப்போது பனி இல்லையே என்பார். முதல் பதிலைக் காப்பாற்ற ரெண்டாவது பதில் வேண்டியிருந்தது.

“வந்திருக்கறனுங்க. எந்த வருசம்னு ஞாபகம் இல்லீங்க.”

மாரக்கா என் பக்கம் திரும்பினாள். 

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார். வேறு ஏதாவது சொல்லணுமா அம்மா, அவசரமில்லை என்றார்.  பிறகு எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். படம் வரைந்த நாளில் பனிமூட்டம் காரணமாக மேற்படி இடத்தைத் தாம் காணவில்லை என்றும், வீடுகளைக் கண்ட வருடம் நினைவில் இல்லை என்றும் சாட்சி கூறினார். நான் கையெழுத்துப் போட்டேன். படத்தில் போடுகிற அதே கையெழுத்து.

திரும்பும்போது மாரக்கா பஸ் நிற்கும் இடம் வரை என்னோடு நடந்து வந்தாள். அவர் படித்த ஆபீஸ் பாஷை புரியவில்லை, என்ன எழுதினார் என்று கேட்டாள். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சரி விடு, அந்த ஓட்டைப் பார்த்தாரில்ல, அவருக்கே தெரியும் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அவள் எனக்கு.

அன்றைக்கே அந்த அதிகாரி ஜீப்புக்குப் பின்னால் ஓடியிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் நின்றிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். கிழித்துக் கிழித்து எழுதினேன். அஞ்சாவது படித்தவளுக்கு அதிகாரிக்கு எழுதுகிற பாஷை வரவில்லை. உண்மையை எழுத பாஷை எதற்கு? அது அப்போது தோன்றவில்லை. அதில் ஒன்பது நாள் போய்விட்டது.

பத்தாம் நாள் கொண்டுபோனேன். உட்காரச் சொன்னார். முழுதும் படித்தார். வீடுகள் இருந்தன, பனி நானாகப் போட்டது, அந்த நாலு நாளும் முதல் வீட்டில் சாப்பிட்டேன், எல்லாம் எழுதியிருந்தேன். ரிப்போர்ட் மேலே போய்விட்டது அம்மா என்றார். இதையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். பிறகு பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஆனா ஒண்ணு யோசிங்க. ரெண்டும் உங்க கையெழுத்து. இதுல எதை நம்பச் சொல்றீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். 

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கொட்டாய் என்று. சாமான்களை எடுத்துக்கொள்ள ஒரு வாரம் கொடுத்தார்கள். பிறகு இடிக்கிற மிஷின் வந்தது. அன்றைக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டேன். காய்ச்சல் இல்லை. ஆறு வீடும் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதில் ஒரு குடும்பம் திருப்பூருக்குப் போனது. ஒரு கிழவர் மேல் லைனில் உறவுக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டார். மற்றவர்கள் எங்கெங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை என்பதுதான் சரி.

என் வரியை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு படம்கூடத் திரும்பி வரவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷம் நன்றாகவே விற்றது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தப்பு செய்தவருக்கு எதுவும் ஆகாமலே போகலாம்.

இதனால் படத்தில் எதையும் விடக்கூடாது என்று சொல்ல வரவில்லை. விடாமல் படம் இல்லை. கரண்டு வயர், சின்டெக்ஸ் தொட்டி, பிளக்ஸ் போர்டு, டூரிஸ்ட் கார் எல்லாவற்றையும் நீங்களும் விடுகிறீர்கள், நானும் விடுகிறேன். விடுவது நம் கையில் இருக்கிறது. ஆனால் எதை விட்டோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது யாருடையது என்றும் தெரிந்திருக்க வேண்டும். கீழ் லைன் போனதற்குப் பிறகு நான் போட்ட படங்களின் பின்னால் இன்னொரு வரியும் எழுதினேன். விட்டது: வயர், தண்ணித் தொட்டி, ரெண்டு கார், தெற்குப் பக்கம் மூணு வீடு. இப்படி. உங்களில் சிலர் அதைப் பார்த்துச் சிரித்தீர்கள், மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறது என்று. சிரியுங்கள். ஆனால் எழுதுங்கள்.

இன்னொன்று. யாராவது கேட்டால், முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள். ரெண்டாவது மூச்சில் நமக்குப் புத்தி வந்துவிடுகிறது. அந்தப் புத்தி நம்மைக் காப்பாற்றத்தான் வரும், அடுத்தவரை இல்லை. கூச்சம் என்று நான் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததில் பாதி கூச்சம், பாதி வேறு. அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு அந்த வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

மாரக்கா மலையடிவாரத்துக் குப்பனூரில் மகள் வீட்டுக்குப் போனாள். எட்டு மாதம் கழித்து நான் பார்க்கப் போனேன். மகளுக்கு வாடகை வீடு, ஓர் அறை, தகரக் கூரை. பங்குனி வெயில். மலையிலேயே இருந்த உடம்புக்குக் கீழ்நாட்டுச் சூடு ஒத்துக்கொள்ளாமல் கை முழுக்கக் கொப்புளம் போட்டிருந்தது. ஈரத்துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாயை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். மருமகன் வண்டி வாங்கியதைச் சொன்னாள். பேத்தி பள்ளிக்கூடத்தைச் சொன்னாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்தான் ஆரம்பித்தேன். ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதியதெல்லாம் சொன்னேன். படத்தில் ஏன் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். அசிங்கம் என்று நினைத்ததை, அந்த வார்த்தையையே சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. துண்டை மறுபடி தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள்.

“படத்துக்கென்ன கண்ணு. படம் உன்னுது, நீ எப்படி வேணாலும் போட்டுக்குவ. அதுக்கு நான் அன்னைக்கே சிரிச்சிட்டேன்” என்றாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “கேட்டாரே சரசு. அந்தாளு உன்னய ரெண்டு வாட்டி கேட்டாரே” என்றாள்.

 பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவள்தான் எழுப்பினாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, அடுத்த மாசம் வரட்டுமாக்கா என்று கேட்டேன்.

“வேண்டாஞ் சாமி” என்றாள். “கோவமெல்லாம் இல்ல. உன்னயப் பாத்தா அந்த ஊட்டு வாசல்ல நீ நின்னதுதான் கண்ணுக்கு வருது. வேற நல்லதெல்லாம் வர மாட்டேங்குது.”

அவள் இப்போதும் அங்கேதான் இருக்கிறாள் என்று கேள்வி. கண் சரியாகத் தெரிவதில்லையாம். மகள் வீடு பஸ் போகிற ரோட்டின் மேலேயே இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவள் வாசல் தெரியும். ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை நான் சேலம் இறங்க வேண்டியிருக்கிறது. மலையிலிருந்து சேலத்துக்கு ரெண்டு ரோடு. குப்பனூர் வழியில் கூட்டமே இருக்காது, உட்கார்ந்துகொண்டு போகலாம். நான் ஏற்காடு டவுனுக்கு வந்து, கூட்டத்தில் நின்றுகொண்டு, இன்னொரு ரோட்டில் இறங்குகிறேன்.